கதவோரத்துக் கோடரி

1936ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி, மெட்ராஸிலிருந்து வந்த சரக்கு வண்டி ஆம்பூர் ஸ்டேஷனில் ஒரு மரப்பெட்டியை இறக்கியது. பெட்டிக்குள் இரண்டு கைக்கோடரிகளும், பித்தளையாலான இரண்டு தீயணைப்புப் பம்புகளும், ஒரு விமானத்தின் உட்புற வரைபடமும் இருந்தன.

பெட்டி மஹ்பூபியின் பட்டறைக்கு வந்தது. அவள் கணவன் ரஷீத் அஹமது ஜட்கா குதிரைகளுக்குச் சேணமும் வாரும் தைத்து வேலூர் வரைக்கும் பெயர் வாங்கியவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டான். அதன் பிறகு பட்டறையை நடத்தியது மஹ்பூபிதான். முன்கொட்டகையில் ஆண்கள் தோல் வெட்டினார்கள். உள்ளறையில் பெண்கள் தைத்தார்கள். நடுவில் ஒரு கனத்த திரை தொங்கியது. வியாபாரம் பேச வந்தவர்கள் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசினார்கள். மஹ்பூபி இந்தப் பக்கம் இருந்து பதில் சொன்னாள்.

மெட்ராஸில் புதிதாக ஒரு விமானக் கம்பெனி தொடங்கவிருந்தது. ஆறு பேர் உட்காரும் விமானங்கள். ஆபத்து நேர்ந்தால் கதவையோ சுவரையோ வெட்டித் திறக்கக் கோடரி, நெருப்பை அணைக்கப் பம்பு. விமானம் காற்றில் எப்படிக் குலுங்கினாலும் இவை இடத்தை விட்டு நகராதபடி தோல் உறைகள் வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது.

கொழுந்தன் அப்துல் ஹமீது பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அண்ணியை அவன் பாபி என்றுதான் கூப்பிடுவான். "பாபி, ஆகாசத்துல போற வண்டிக்கு நம்ம இன்னா தைக்கறது? குதிரையா கட்டப் போறாங்க?"

"கோடாலிக்கு உறை தைக்கணுமாம். தொழில் அதேதான்."

அப்துல் ஹமீது கெட்டவன் அல்ல. தோல் பதனிடுகிற ஒரு தோல்ஷாப்பில் குமாஸ்தாவாக இருந்தான். அவனுடைய முதலாளிக்கு பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை அடுக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. பட்டறைக் கொட்டகை அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. மோட்டார் பஸ் வந்த பிறகு சேண வேலை கம்மியாகிவிட்டது என்பது ஊருக்கே தெரியும்.

"நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க," என்றான். "ரம்ஜான் பொறக்கறதுக்குள்ள இந்த ஆர்டர் கைக்கு வந்துதுன்னா பட்டறை உங்களுது. நான் வாயே தொறக்க மாட்டேன். வரலேன்னா கொட்டகைய பட்டைக்கு உட்டுடலாம். நீங்க எங்க வூட்டுக்கு வந்துடுங்க. எம் பொண்டாட்டி உங்கள நல்லா பாத்துக்குவா."

நன்றாகப் பார்த்துக்கொள்வாள் என்பதில் மஹ்பூபிக்குச் சந்தேகம் இல்லை. சாகும்வரை அந்த வீட்டுச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான் என்பதிலும் சந்தேகம் இல்லை. "சரி," என்றாள்.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. தைத்து முடித்த எந்தப் பொருளையும் தலைகீழாகத் தொங்கவிட்டு, இரண்டு பேர் பிடித்து உலுக்குவார்கள். எதுவும் நழுவக் கூடாது, தளரக் கூடாது. ஓடுகிற குதிரையிடமிருந்து ஒரு வார் கழன்றால் வண்டி கவிழும். ஆகவே இறுக்கம் என்பதே அங்கே வேலைக்கு மறுபெயர்.

மஹ்பூபி நல்ல எருமைத்தோலாகப் பார்த்து எடுத்தாள். ஈரத்தோலைக் கோடரியின் மேலேயே இழுத்துப் பொருத்தி உலரவிட்டாள். மெழுகு நூலால் இரட்டைத் தையல், மேலே இரண்டு பித்தளை பக்கிள். தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கியபோது உத்தரம்தான் ஆடியது, கோடரி ஆடவில்லை.

கம்பெனியிலிருந்து கோதண்டராமன் வந்தார். வாலாஜாபேட்டைக்காரர், இளம் இஞ்சினீயர், சிரித்த முகம். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, வேலை பிரமாதம்," என்று திரையைப் பார்த்துச் சொன்னார். "இப்ப நான் கண்ணை மூடிக்கறேன். ஒரு கைதான். கோடாலிய எடுக்கறேன், பாருங்க."

மஹ்பூபி திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். கோதண்டராமன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு இடது கையால் பக்கிளைத் தேடினார். ஒன்றை எப்படியோ நெகிழ்த்தினார். இரண்டாவதில் நகம் ஒடிந்தது. உறையோடு மல்லுக்கட்டினார். நெற்றி வியர்த்தது. வெட்டுகிற ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"அரே, அந்தாளு கைய வெட்டிக்கப் போறாரு, யாராச்சும் புடுங்குங்க!" என்று உள்ளிருந்து ஹலீமா பீ கத்தினாள். பட்டறையில் நல்ல தையல்காரி அவள். அவளைவிட நீளமான வாய் யாருக்கும் கிடையாது.

கோதண்டராமன் கண்ணைத் திறந்தார். கோடரி உறைக்குள்ளேயே இருந்தது.

"விமானம் தரையில மோதி நிக்குதுன்னு வெச்சிக்குங்க. பொகை சூழ்ந்திருக்கும். கதவு நசுங்கியிருக்கும். உள்ள இருக்கறவனுக்கு ஒரு கை ஒடிஞ்சிருந்தாலும் இருக்கும். அவன் உக்காந்து பக்கிள் அவுத்துக்கிட்டு இருப்பானா?"

மஹ்பூபிக்குக் காது மடல் சுட்டது. பிடித்துக்கொள்வதைப் பற்றி மட்டுமே அவள் யோசித்திருந்தாள். விடுவதும் வேலையின் ஒரு பாதி என்பது ஒரு தரம்கூட மனத்தில் தோன்றவில்லை. ரஷீதுக்கும் தோன்றியிருக்காது.

"இன்னொரு வாட்டி வாங்க, சார்," என்றாள். "ஆட்டினா வுழாது, இழுத்தா வந்துடும். அந்த மாதிரி தெச்சி வெக்கிறேன்."

சொல்வது சுலபமாக இருந்தது. வாயை அகலமாக வைத்தால் கோடரி குலுக்கலில் விழுந்தது. கொக்கி வைத்தால் கொக்கி சிக்கியது. கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு மஹ்பூபி ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். கடைசியில் பக்கிளையே எறிந்துவிட்டு, வாரை ஒரு பித்தளை வளையத்துக்குள் விட்டு, அதன் நுனியை மடித்து உள்ளே செருகி, மீதியை நாக்கு போல ஒரு ஜாண் நீளத்துக்குத் தொங்கவிட்டாள். கோடரியின் கனம் முடிச்சை இறுக்கியது. நாக்கை இழுத்ததும் மொத்தமும் நெகிழ்ந்து கோடரி கையில் வந்து உட்கார்ந்தது.

ஹலீமா பீ அதைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு தரம் இழுத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இது பாவாடை நாடா முடிச்சுடி, மஹ்பூபி!"

"மெதுவா பேசுக்கா, வெளிய ஆம்பளைங்க இருக்காங்க."

"இத போயி இஞ்சினீர்கிட்ட சொல்லிடாத. வெக்கப்பட்டுக்கிட்டு ஏரோப்ளான்லயே ஏற மாட்டாரு."

அன்றிரவு முழுதும் அது உத்தரத்தில் தலைகீழாகத் தொங்கியது. காலையில் இரண்டு பேர் உலுக்கினார்கள். விழவில்லை. ஹலீமா பீ கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். வந்துவிட்டது.

மறுபடி வந்த கோதண்டராமனும் கண்ணை மூடி இழுத்தார். முதல் இழுப்பிலேயே கோடரி கைக்கு வந்தது. "இது எந்த ஊர் முடிச்சு?" என்று கேட்டார். திரைக்குப் பின்னால் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஊர் முடிச்சுதான், சார்," என்றாள் மஹ்பூபி. "இத எங்க மாட்டப் போறீங்க?"

கோதண்டராமன் வரைபடத்தை விரித்தார். விமானத்தின் வால்பக்கம், கடைசி இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு அலமாரி. அதற்குள்.

"அங்க ஏன்?"

"டிக்கெட் வாங்கிக்கிட்டு ஏறறவங்க கண்ணுக்கு எதிர்ல கோடாலி தெரிஞ்சா பயந்துடுவாங்கன்னு எங்க டைரக்டர் துரை சொல்றார். அவர் சொல்றதும் ஒரு விதத்துல நியாயம்தான். யாருமே ஏறலேன்னா கம்பெனி எப்படி நடக்கும்?"

மஹ்பூபி திரையோரத்திலிருந்து வரைபடத்தை எட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "குதிரைய பாக்காம சேணம் தெச்சா முதுகு புண்ணாயிடும். உறை தெச்சாச்சி. மாட்டற எடத்த நான் பாக்கணும்."

மெட்ராஸுக்குப் போக முடியாது. ஆகவே விமானத்தின் உட்புறத்தை ஆம்பூருக்கு வரவழைத்தாள். கோதண்டராமன் அளவு சொன்னார். தச்சர் தேவசகாயம், தோலை விரித்து ஆணியடிக்கும் பழைய பலகைகளை வைத்துப் பட்டறையின் பின்முற்றத்தில் அதை எழுப்பினார். ஒரு பக்கம் மூன்று இருக்கை, மறுபக்கம் மூன்று; நடுவில் ஓர் ஆள் மட்டும் போகிற சந்து; முன்பக்க ஓரத்தில் ஒரே ஒரு கதவு; கை நுழைகிற அளவு ஜன்னல்கள். மேலே கூரைக்குச் சாக்கு. வெளியிலிருந்து பார்த்தால் கோழிக்கூண்டு மாதிரி இருந்தது என்று ஹலீமா பீ சொன்னாள். எல்லோரும் அதை அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தினமும் வேலை முடிந்ததும் ஆறு பேர் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தார்கள். தேவசகாயம் வெளியே நின்று கதவைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்வார். மஹ்பூபி தகரத்தைத் தட்டியதும் உள்ளே இருப்பவர்கள் கோடரியை எடுத்துக்கொண்டு கதவுக்கு வர வேண்டும்.

"ஜோலார்பேட்டை வந்துடுச்சி, எறங்கு எறங்கு!" என்று ஒருவன் கத்துவான்.

"எங்கடா எறங்கறது, உங்க மாமா கால எடுக்கச் சொல்லு!"

ஒரு நாளும் ஒழுங்காக நடக்கவில்லை. தகரம் தட்டியதும் எல்லோரும் கதவைப் பார்த்தே பாய்ந்தார்கள். கோடரி வாலில் இருப்பது நன்றாகத் தெரிந்தவனும் முதலில் கதவுக்கு ஓடினான். பிறகு ஞாபகம் வந்து திரும்பினால் சந்தில் வருகிறவன் மேல் முட்டிக்கொண்டான். திட்டினாலும் சரி, கெஞ்சினாலும் சரி, மறுநாளும் அதேதான். ஆபத்தென்றால் மனிதன் பின்பக்கம் போகமாட்டான் போலிருக்கிறது.

அப்படியானால் கதவுப் பக்கம் மாட்ட வேண்டும். ஆனால் எங்கே? மேலேயா, கீழேயா, இடமா, வலமா? ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

ஒரு மாலை எல்லோரும் போன பிறகு மஹ்பூபி கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து கதவுப் பக்கத்தைப் பார்த்தாள். அங்கே இழைத்து வெளுத்திருந்த பலகையில் கறை படிந்திருந்தது. தோல் வேலை செய்கிறவர்களின் கை. எண்ணெயும் பட்டைச் சாறும் எத்தனை கழுவினாலும் போகாது. ஒரு கையால் கதவைத் தள்ளும்போது ஒவ்வொருவனும் மறு கையைப் பக்கத்துப் பலகையில் ஊன்றியிருந்தான். கதவுக்கு வலப்பக்கம், தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு முறம் அகலத்துக்குக் கைத்தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கருத்துக் கிடந்தன.

யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மஹ்பூபி கறை எங்கே மிகக் கருப்பாக இருந்ததோ அங்கே ஆணியடித்து உறையை மாட்டினாள். மறுநாள் தகரம் தட்டியதும் முதலில் வந்தவன் கையில் கோடரி இருந்தது. எப்படி எடுத்தான் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோதண்டராமன் வந்து பார்த்து, தானும் உட்கார்ந்து பார்த்து, தொடையில் தட்டிக்கொண்டார். "நான் நம்பிட்டேன். துரைய நம்ப வைக்கணும். வாலுக்குத்தான் உறைன்னு ஆர்டர் எழுதி, கையெழுத்து போடாம வெச்சிருக்கார். இந்த எடத்த ஒத்துக்காட்டி அவருக்கு வேற பட்டறை இருக்கு. அழைச்சிக்கிட்டு வர்றேன்."

"வாலுலயே மாட்டிக் குடுத்துட்டா இன்னா, பாபி?" என்று அப்துல் ஹமீது தனியாகக் கேட்டான். "ஆர்டர் வந்துடும்ல? எதுக்கு இந்தப் பேஜாரு?"

"எடுக்க முடியாத எடத்துல மாட்டறதுக்கு உறை எதுக்கு, ஹமீது? ஆணி போதுமே."

அவன் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனான்.

அக்டோபர் பாதியில் மழை பிடித்துக்கொண்டது. துரை வருகிற நாளுக்கு முந்தின நாள் கூண்டின் சாக்குக் கூரை சொட்டுச் சொட்டாக ஒழுகியது. துரை தலையில் தண்ணீர் சொட்டினால் என்ன ஆவது? ஆம்பூரில் இதற்கு யோசிக்க மாட்டார்கள். நனையக் கூடாத எதற்கும் எண்ணெய் தடவிவிடுவார்கள். தோலுக்குத் தடவுகிற மீன் எண்ணெயை வாளி வாளியாகச் சாக்கின் மேல் தேய்க்கச் சொன்னாள் மஹ்பூபி. ஒழுகல் நின்றது. நாற்றம் தெருவரைக்கும் வந்தது.

துரை காலை வண்டியில் வந்தார். உயரமான வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். கூண்டைச் சுற்றி வந்து பார்த்தார், சிரிக்கவில்லை. தோற்றது வால் அலமாரியா, அதிலிருந்து கோடரியை எடுக்கத் தெரியாத தொழிலாளிகளா என்று தானே பார்க்க வேண்டும் என்றார். முதல் சோதனை வரைபடப்படி. வாலிலிருந்து கோடரியைத் தானே எடுத்து வருவார். அடுத்தது கதவுப் பக்கம். இரண்டு கோடரிகளும், அதே முடிச்சில் உறை தைத்த இரண்டு பம்புகளும் அந்தந்த இடத்தில் மாட்டப்பட்டன. நிஜமான புகை வேண்டும் என்றும் சொன்னார். ஒரு இரும்புச் சட்டியில் நெருப்பு போட்டு அதன் மேல் ஈரமான பட்டைச் சக்கையைக் கொட்டி, கடைசி இருக்கைக்குப் பின்னால் வைத்தார்கள்.

புர்கா போட்டுக்கொண்டு மஹ்பூபியும் ஏறினாள். "உறை நான் தெச்சது. நான் உள்ள இல்லாம எப்படி?" தானே எடுத்துக் காட்டினாள் என்று யாரும் சொல்லக் கூடாதென்று கதவை விட்டுத் தள்ளி நடு இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஹலீமா பீ. பின்னால் துரை. எதிர்ப்பக்கம் கோதண்டராமன். கதவை ஒட்டிய இருக்கையில் வாஹித் பாஷா. அவர் தோல் வியாபாரி. சந்தில் நுழைய முடியாத உடம்பு. வேடிக்கை பார்க்க வந்தவரைத்தான் பிடித்து ஏற்றியிருந்தார்கள். உறை எங்கே, கோடரி எங்கே என்று அவருக்கு ஒன்றும் தெரியாது. மிஞ்சிய இருக்கையில் ஒரு மூட்டை ஆவாரம்பட்டை உட்கார்ந்திருந்தது.

"எனக்குப் பக்கத்துல ஏன் மூட்டைய வெக்கல?" என்றார் வாஹித் பாஷா.

"ரெண்டு மூட்டை ஒரே பக்கம் இருந்தா ப்ளான் சாஞ்சிடும், பாய்," என்றாள் ஹலீமா பீ.

தேவசகாயம் கதவை அழுத்திச் சாத்தினார். தகரம் தட்டப்பட்டது. துரை எழுந்து வால்பக்கம் போனார். சட்டியிலிருந்து மஞ்சளும் கருப்புமாகப் புகை கிளம்பிக் கண்ணை மறைத்தது.

"ஜோரா இருக்குது," என்று வாஹித் பாஷா இருமினார். "டிக்கெட் காசு வாபஸ் கிடைக்குமா?"

அலமாரியைத் தடவிக்கொண்டிருந்த துரையின் முழங்கால் சட்டியில் இடித்தது. கங்குகள் சிதறின. ஒன்று தொங்கிய சாக்கின் ஓரத்தில் ஒட்டியது. மஹ்பூபி திரும்பிப் பார்த்தபோது அந்த ஓரம் ஒரு விரல் அளவு சிவந்திருந்தது. அடுத்த மூச்சுக்குள் கூரையின் வால்பக்கம் முழுவதும் பிடித்துக்கொண்டது.

எண்ணெய், என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நெருப்பு! நெஜ நெருப்பு! கதவத் தொறங்க!"

வெளியே தேவசகாயம் பிடியை விட்டுவிட்டு இழுத்தார். கோதண்டராமன் உள்ளிருந்து தள்ளினார். கதவு அசையவில்லை. இரண்டு நாள் மழையில் பலகை உப்பிச் சட்டத்தோடு இறுகிப் போயிருந்தது. துரை முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்வாங்கி வந்தார். அலமாரியும் அதற்குள் இருந்த கோடரியும் நெருப்புக்கு அந்தப் பக்கம் இருந்தன. எரிகிற எண்ணெய் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ஹலீமா பீயின் முந்தானையை மஹ்பூபி கையாலேயே அடித்து அணைத்தாள்.

"யா அல்லா, நகருங்க!" வாஹித் பாஷா எழுந்து கோதண்டராமனை ஒதுக்கிவிட்டு ஒரு கையால் கதவைத் தள்ளினார். மறு கையைப் பக்கத்துப் பலகையில் ஊன்றினார்.

மஹ்பூபி அந்தக் கையைத்தான் பார்த்தாள். புகையில் வேறு எதுவும் தெரியவில்லை. தடித்த விரல்கள் தோல் நாக்கின் மேல் விழுந்தன. என்னவென்று தெரியாமலே பற்றி இழுத்தன. கோடரி அவர் கையில் இருந்தது.

"இது எங்கருந்து வந்துச்சி?"

"வெட்டுங்க, பாய்! அப்புறம் கேளுங்க!"

வாஹித் பாஷா வெட்டினார். கீல் பக்கத்தில் மூன்று வெட்டு; பலகை பிளந்தது. பிறகு அந்த உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தார். கதவும் சட்டமும் அவரும் ஒன்றாக முற்றத்துச் சேற்றில் போய் விழுந்தார்கள். அவர் முதுகின் மேலேயே ஹலீமா பீ நடந்து வெளியே வந்தாள். அவளுக்குப் பின்னால் மஹ்பூபி, துரை. கடைசியாகக் கோதண்டராமன், வருகிற வழியிலேயே கதவோரத்துப் பம்பின் நாக்கையும் இழுத்து எடுத்துவந்து, வெளியே நின்று நெருப்பின் மேல் பீய்ச்சினார். அப்துல் ஹமீது கிணற்றடியிலிருந்து ஆட்களை வரிசையாக நிறுத்தி வாளியைக் கைமாற்றிக்கொண்டிருந்தான். ஏறியவர்களில் ஆவாரம்பட்டை மூட்டையைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

வாஹித் பாஷா சேற்றில் உட்கார்ந்து, கையிலிருந்த கோடரியைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். முற்றத்தில் இருந்தவர்கள் ஓவென்று கத்தினார்கள். தெருவில் நின்றவர்களும், எதற்கென்று தெரியாமலே கத்தினார்கள். மஹ்பூபியின் உள்ளங்கை கொப்புளித்திருந்தது. அவளும் கத்திக்கொண்டிருந்தாள் என்பது ஹலீமா பீ அவள் வாயைப் பொத்திய பிறகுதான் தெரிந்தது.

துரை கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாஹித் பாஷாவிடம் ஏதோ கேட்டார். கோதண்டராமன் மொழிபெயர்த்தார்: "கோடாலி அங்க இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?"

"யாரு சொன்னாங்க? கைய வெச்சேன், இருந்துச்சி. வேற எங்க இருக்கும்?"

துரை முதல்முறையாகச் சிரித்தார். வரைபடத்தை வாங்கி, வாஹித் பாஷாவின் முதுகின் மேலேயே விரித்து, வால் அலமாரியைப் பென்சிலால் அடித்தார். கதவுக்கு வலப்பக்கம் ஒரு வட்டம் போட்டார்.

"பயணிகள் பயப்பட மாட்டாங்களா?" என்று கோதண்டராமன் அவரை இங்கிலீஷில் கேட்டார். துரை சொன்ன பதிலைத் திரும்பி மஹ்பூபியிடம் தமிழில் சொன்னார்: "பயப்படறவங்க ரயில்ல போகட்டுமாம்."

அப்துல் ஹமீது ஈரச் சட்டையோடு வந்து கொஞ்சம் தள்ளி நின்றான். "பாபி, பட்டைக்கு வேற எடம் பாத்துக்கச் சொல்லி முதலாளிகிட்ட சொல்லிட்றேன்," என்றான். "கைக்கு எண்ணெய் தடவுங்க." பிறகு அவனே, "வேணாம், எண்ணெய் வேணாம்," என்றான்.

ஆர்டரில் துரையின் கையெழுத்து அந்த மாதக் கடைசியில் வந்தது. ரம்ஜான் பிறப்பதற்கு முந்தின வாரம் முதல் தவணை உறைகள் ஆம்பூர் ஸ்டேஷனில் ரயிலேற்றப்பட்டன. கம்பெனியின் விமானங்களில் கோடரியும் பம்பும் கதவுக்கு வலப்பக்கம் மாட்டப்பட்டன. கொட்டகை பட்டறையாகவே இருந்தது.